டிங்கியில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்: வார்டு அனுபவங்கள்

கோலாலம்பூர், மருத்துவ வார்டு தாதி

போஸ்ட் பேசிக் (தாதியருக்கான மேற்படிப்பு) படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதைத் தொடங்குகிறேன். நோய் உடம்புக்குள் எப்படி நடக்கிறது என்று தெரிந்ததால் உங்கள் கவனிப்பு மாறிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

செந்தூலிலிருந்து வந்த இளைஞர், டிங்கி, காய்ச்சல் தொடங்கி 5ஆம் நாள். காலையில் சூடு விட்டிருந்தது. "மிஸ்ஸி, காய்ச்சல் இறங்கிடுச்சு, இன்னைக்கு வீட்டுக்கு விட்டுடுவாங்களா?" என்று அவர் அம்மா ஆசையாகக் கேட்டார். நான் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ரத்த அழுத்தம் 104/84. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 20தான்.

அந்த 20க்குள் முழுக் கதையும் இருக்கிறது. டிங்கியில் ரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதாகிறது. வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 புரதம் அந்தச் சுவரின் மெல்லிய பூச்சை அரிப்பதும் ஒரு காரணம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிகிறது, சிவப்பணுக்கள் உள்ளேயே நின்றுவிடுகின்றன. அதனால் ரத்தம் கெட்டியாகி ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) ஏறுகிறது. குறைந்துபோன ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் காப்பாற்றிக் கொடுக்க, உடம்பு கைகால் குழாய்களை இறுக்குகிறது. கை சில்லிடுவதும் கீழ் எண் ஏறுவதும் அதனால்தான். மேல் எண் கடைசியில்தான் விழும். அது விழும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

டாக்டரை உடனே அழைத்தேன். ஹெமட்டோக்ரிட் 43லிருந்து 51க்கு ஏறியிருந்தது. டிரிப்பைக் கூட்டினார்கள், அவர் தேறினார்.

பொதுவாகக் கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான். அப்புறம் வெளியே போன நீர் குழாய்க்குள் திரும்பி வரும். அந்த நேரத்திலும் டிரிப் அதே வேகத்தில் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கொடுப்பதைவிட நிறுத்தும் நேரம் தெரிவது கடினம் என்பது என் எண்ணம். குடும்பத்தார் எல்லோரும் "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். ஹெமட்டோக்ரிட்டையும் கேட்கப் பழக்க வேண்டும்.

பினாங்கு, அவசரப் பிரிவு

அக்கா, என் அனுபவம் சர்க்கரை நோயில். ஜெலுத்தோங்கைச் சேர்ந்த ஓர் அம்மா ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். ஆஸ்துமா என்று மகன் நினைத்திருந்தார். நெஞ்சில் விசில் சத்தம் இல்லை, ஆக்சிஜன் 98. வாந்தி வந்ததால், "சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு?" என்று அந்த அம்மா இன்சுலினை நிறுத்தியிருக்கிறார்.

இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை உடைக்கும், கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரும், ரத்தம் அமிலமாகும். அந்த அமிலத்தைக் குறைக்கத்தான் நுரையீரல் கரியமில வாயுவை அவசரமாக வெளியே தள்ளுகிறது. 1874இல் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த மூச்சு இது.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது பொட்டாசியம். ரிப்போர்ட்டில் 5.4 என்று அதிகமாகவே காட்டியது. உண்மையில் சிறுநீரோடு நிறையப் போய், உடம்பில் மொத்த இருப்பு குறைந்திருக்கும். செல்லுக்குள் இருந்தது ரத்தத்துக்கு வந்துவிட்டதால்தான் அந்த எண். இன்சுலின் ஏற ஏறப் பொட்டாசியம் செல்லுக்குள் திரும்பும், ரத்தத்தில் சரசரவென்று இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறலாம். இது தெரிந்த தாதி அடுத்த ரத்தப் பரிசோதனை நேரத்தைத் தவறவே விடமாட்டார்.

கோலாலம்பூர், பயிற்சித் தாதி

அக்கா, டிங்கி நோயாளி வீட்டிலிருந்தபடி கிளினிக்குக்கு வந்து போகிறார் என்றால், குடும்பத்தாரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

கோலாலம்பூர், மருத்துவ வார்டு தாதி

நல்ல கேள்வி தங்கச்சி. புரதம், கசிவு எதுவும் வேண்டாம். "சூடு இறங்கின பிறகு ரெண்டு நாள் ரொம்ப கவனமா பாருங்க"ன்னு சொல்லு. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை சில்லிடுவது, அசதியாகத் தூங்கிக்கொண்டே இருப்பது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று ஒவ்வொரு முறையும் நீயே கேள்.