புதுப்பிப்பு: மழைப்புல் மேயும் கன்றுகளுக்குப் புண்ணாக்கா, தானியமா?

மானூர்ப் பக்கம் ஐப்பசி மழைக்குப் பின் தளிர்த்த புல்லை வயிறு நிறைய மேய்ந்தும் எங்கள் கிடேரிக் கன்றுகள் உடம்பு பிடிக்கவில்லை என்றும், சாணம் கூழாக விழுகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். கடலைப் புண்ணாக்கைக் கூட்டுமாறு பலர் கூறினீர்கள். கால்நடை மருத்துவர், முதலில் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டு, புண்ணாக்கை நிறுத்தச் சொன்னார்.

புண்ணாக்கு தருவது புரதம்; இளம்புல்லிலோ அது ஏற்கெனவே மிகுதி. அந்தப் புரதம் மாட்டின் முதல் வயிற்றில் (தீனி நொதிக்கும் பெரிய அறையில்) விரைவாகக் கரைந்து அமோனியாவாக மாறும்போது, அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்களுக்கு மாவுச்சத்தும் உடன் கிடைக்காவிட்டால், மிஞ்சியது யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். குளிர்கால ரைகிராஸ் புல்லில் இறைச்சிக் கன்றுகளை வளர்க்கும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோளம் கொடுப்பதும் இதே கணக்கில்தான்.

ஆகவே மக்காச்சோளத்தை மாவாக்காமல் குருணையாக உடைத்து, நூறு கிலோ எடைக்கு அரைக் கிலோ வீதம், காலையும் மாலையும் பிரித்து வைத்தோம். அதற்கு மேல் போனால் கன்று புல்லைக் குறைத்துவிடும், வயிறும் புளித்துவிடும். ஆசைப்பட்டு அள்ளி வைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். தவிடும் சிறிது சேர்த்தோம். அது சிக்கு வாடையின்றிப் புதிதாக இருக்க வேண்டும். தவிட்டில் சுண்ணாம்புச்சத்து குறைவு என்பதால் தாது உப்புக் கலவையையும் விடவில்லை.

இப்போது சாணம் இறுகி, அடுக்காக விழுகிறது; விலா எலும்புகளும் மூடத் தொடங்கியுள்ளன. பிசான நெல் அறுவடை முடிந்து கன்றுகள் காய்ந்த நெல் தாளுக்கு மாறும்போது புரதம்தான் குறையும். புண்ணாக்கை அப்போது தொடங்குவோம்.