பெங்களூர் அல்சூர் பக்கம் தமிழ்ல ஏ.ஏ. கூட்டம்: அண்ணனை எப்படிக் கூட்டிட்டுப் போறது?

ஏரிக்கரைப் பொண்ணு:
அண்ணனுக்கு 38 வயசு. தினமும் ஒரு ஆஃப் பாட்டில், சில நாள் அதுக்கும் மேல. காலையில டீ கிளாஸைப் பிடிக்க முடியாம கை நடுங்குது, ஒரு நைன்ட்டி (90 மில்லி) உள்ள போனாத்தான் நிக்குது. குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணாக் கூடிப் பேசற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு ஞாயித்துக்கிழமை வர்றேன்னு அவரே சொல்லியிருக்கார். நாளையிலேர்ந்து தொடவே மாட்டேங்கிறார். அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் தமிழ்ல நடக்கிற கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நானும் அண்ணியும் கூட வரலாமா? பணம் கட்டணுமா? ஆபீஸுக்குத் தெரிஞ்சிடுமா?

வார்டு நர்ஸ்:
தங்கச்சி, கூட்டத்தைப் பத்தி மத்தவங்க சொல்லட்டும். முதல்ல அந்த "நாளையிலேர்ந்து" விஷயம். காலையில கை நடுங்குதுன்னா உடம்பு சாராயத்துக்குப் பழகிடுச்சு. இப்படிப்பட்டவர் டாக்டர் இல்லாம ஒரேயடியா நிறுத்தக் கூடாது.

கடைசியாக் குடிச்சு 6 மணி நேரத்துலயே நடுக்கம், வேர்வை, வாந்தி ஆரம்பிக்கலாம். முதல் 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம். 2லேர்ந்து 4 நாளுக்குள்ள ஆள் தெரியாமப் பேசறது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடறது, காய்ச்சல், படபடப்புன்னு வந்தா உயிருக்கே ஆபத்து, உடனே எமர்ஜென்சிதான். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில போதை மருத்துவத்துக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. காலையிலேயே போங்க. எவ்வளவு குடிக்கிறார், கடைசியா எப்போ குடிச்சார், முன்னாடி வலிப்பு வந்திருக்கா, இந்த மூணையும் மறைக்காமச் சொல்லுங்க. நடுக்கத்துக்கான மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத் தருவாங்க, பி1 வைட்டமினும் போடுவாங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. ராத்திரியில பேச ஆள் வேணும்னா 14416, அரசாங்கத்தோட டெலி மனஸ் மனநல உதவி லைன். இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

சிவாஜிநகர்த் தமிழன்:
நர்ஸ் அக்கா சொன்னதைச் செஞ்சுட்டு இதுக்கு வாங்க.

ஏ.ஏ. இந்தியா வெப்சைட்ல ஊர்வாரியா குழுப் பட்டியலும் ஹெல்ப்லைன் நம்பரும் இருக்கு. பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீங்க. குழுக்கள் பெரும்பாலும் சர்ச் ஹால்லயோ ஸ்கூல் ரூம்லயோ நடக்கும். பரீட்சை, திருவிழான்னா இடம் மாறிடும். சிவாஜிநகர் மாதா திருவிழா நடக்கிற ஆகஸ்ட் 29லேர்ந்து செப்டம்பர் 8 வரைக்கும் அந்தப் பக்கம் நுழையறதே கஷ்டம். அதனால போன் பண்ணி நாலு கேள்வி கேளுங்க: இந்த வாரம் நடக்குதா, எந்த கேட் வழியா உள்ள வரணும், தமிழ்ல பகிர்றவங்க இருக்காங்களா, ஓப்பன் மீட்டிங்கா குளோஸ்டா? குளோஸ்ட்ல குடியை நிறுத்த நினைக்கிறவங்க மட்டும்தான். ஓப்பன்னா நீங்களும் அண்ணியும் உக்காரலாம். வாசல்ல பெரிய போர்டு இருக்காது. பல பேர் கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பறது இதனாலதான். உள்ளேயிருந்து ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, சந்தோஷமா வருவாங்க.

கட்டணம் கிடையாது. கடைசியில ஒரு பை சுத்தி வரும், முடிஞ்சவங்க 10, 20 போடுவாங்க. புதுசா வந்தவர் போடணும்னு இல்ல. ரெஜிஸ்டர்ல கையெழுத்து, ஆதார் எதுவும் கேக்க மாட்டாங்க. பேர் மட்டும் சொன்னாப் போதும், அங்க கேட்டதை வெளியில பேசக் கூடாதுங்கிறது வழக்கம்.

ஞாயித்துக்கிழமைதான்னு இல்ல. அவர் வழக்கமா குடிக்க ஆரம்பிக்கிறது ராத்திரி எட்டு மணின்னா, அந்த நேரத்துல எந்தக் குழு நடக்குதோ அதைப் பிடிங்க. கூட்டம் நடக்கிற அந்த நேரத்தைத் தாண்டறதுதான் அவருக்குப் பெரிய காரியம்.

ஏரிக்கரைப் பொண்ணு:
நாளைக்குக் காலையில நிம்ஹான்ஸ் போறோம். ஏ.ஏ. கூட்டத்துல பேசச் சொல்வாங்களோன்னு அண்ணன் பயப்படறார். எங்க வீட்ல முருகன் படம்தான் இருக்கு, அது சர்ச் கூட்டமான்னும் கேக்குறார்.

கடைசி பெஞ்ச்:
இடம்தான் சர்ச், கூட்டம் சர்ச்சோடது இல்ல. ஏ.ஏ.வோட வழிமுறையான 12 படிகள்ல கடவுள்னு வரும், அவரவர் புரிஞ்சுக்கிட்ட கடவுள். முருகனையே வெச்சுக்கலாம். பேசச் சொன்னா "இன்னிக்குக் கேக்கத்தான் வந்தேன்"னு சொல்லட்டும், அதோட விட்டுடுவாங்க. வட்டமாப் போட்ட பிளாஸ்டிக் சேர்ல அவருக்குப் பதிலா நீங்க பேச ஆரம்பிச்சுடாதீங்க. அவர் வாயைத் திறக்கிறதை வீட்டு ஆளே தடுத்த மாதிரி ஆயிடும்.

கூட்டம் முடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடி வந்துடக் கூடாது. டீ டம்ளரோட நிக்கிற அந்தப் பத்து நிமிஷத்துலதான் நம்பர் கை மாறும். ஆம்பளைங்க மூணு பேர் நம்பராவது வாங்கட்டும். ஆசை வந்தா முதல் கிளாஸுக்கு முன்னாடி கூப்பிடணும், குடிச்சதுக்கு அப்புறம் இல்ல. பல வருஷம் தொடாம இருக்கிற ஒருத்தரை ஸ்பான்சரா, அதாவது கூட இருந்து வழிகாட்டறவராக் கேக்கறது பிறகு, அவசரமில்ல.

ஒரு குழு பிடிக்கலன்னா அதோட விட்டுடாதீங்க. மூணு வேற குழு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவைன்னு போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணட்டும். "நான் இவங்க அளவுக்கு மோசமில்ல"ன்னு முதல் நாளே தோணும், நிறைய பேர் நின்னுபோறது அந்த இடத்துலதான்.

வார்டு நர்ஸ்:
தங்கச்சி, அண்ணிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. குடியை விடறதுக்குத் தர்ற டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாம சாம்பார்லயோ காபியிலயோ கலக்கக் கூடாது, யார் சொன்னாலும் சரி. அதோட மேல குடிச்சா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி ஆளே விழுந்துடலாம். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல அதோட வேலை இருக்கும். டாக்டர் எழுதி, அவருக்குத் தெரிஞ்சு, அவரே முழுங்கினாத்தான் அது மருந்து. அண்ணிக்குத் தனியா அல்-அனான் குழு இருக்கு, குடிக்கிறவங்களோட குடும்பத்துக்காகவே நடக்கிறது. அண்ணன் வந்தாலும் வராட்டியும் அவங்க போகலாம்.