பைனல்னா கமெண்ட்ரில ஒரே ஆள் புராணம்தானா?

மஞ்சக்குப்பம்_11:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன். லீக் மேட்ச்ல ஒழுங்கா பேசறவங்க பைனல் வந்தா மட்டும் ஏன் இப்டி ஆயிடறாங்க? சரித்திரம், 140 கோடி பேர் கனவு, பிரஷர்னு ஓவர் பூரா இதே பேச்சு, தேர்ட் மேன் எங்க நிக்கறான், வந்தது ஸ்லோ பாலா யார்க்கரா ஒண்ணும் சொல்றதில்ல. 2023 ஐபிஎல் பைனல எடுங்க, மழைக்கப்பறம் சிஎஸ்கேக்கு டார்கெட் 15 ஓவர்ல 171, கடைசி ஓவருக்கு 13 வேணும், குஜராத் பவுலர் மோகித் சர்மா முதல் நாலு பந்துல குடுத்தது 3 ரன். என்னா பவுலிங் அது! ஆனா எப்ப அந்த மேட்ச் பேச்சு வந்தாலும் ஜடேஜா அடிச்ச சிக்ஸும் ஃபோரும், தோனி அவர தூக்கினதும்தான். நான் சிஎஸ்கே வெறியன், எனக்கே அநியாயமா படுது. நம்ம தமிழ்நாட்டு சாய் சுதர்சன் குஜராத்துக்கு 47 பந்துல 96 அடிச்சத பத்தி பேச்சே காணோம்.

முதலியார்பேட்டை_லெஃப்டி:
கரெக்ட் தல. 2024 டி20 வேர்ல்ட் கப் பைனலும் இதே கததான், சூர்யகுமார் கேட்ச் கேட்ச்னு. சூப்பர் கேட்ச்தான், இல்லன்னு சொல்லல. ஆனா தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துக்கு 30 வேணும்னு இருந்தது 6 பந்துக்கு 16 ஆச்சே, அது எப்டி? பும்ரா 4, ஹர்திக் 4 குடுத்து கிளாசன தூக்குனாரு, திரும்ப பும்ரா வந்து 2 ரன்னுக்கு யான்சன போல்டாக்குனாரு, அர்ஷ்தீப் 19வது ஓவர்ல 4. அதனாலதான் கடைசி ஓவர்ல மில்லர் முதல் பந்தையே தூக்க வேண்டி வந்துச்சு, அதத்தான் சூர்யா புடிச்சாரு. இத விட்டுட்டு தென்னாப்பிரிக்கான்னாலே பயந்துருவாங்கன்னு ஒரு முத்திரை குத்தறாங்க பாருங்க, அதான் செம கடுப்பு.

உப்பளம்_கோலி:
ஃபுட்பால் மட்டும் என்னவாம். 2022 வேர்ல்ட் கப் பைனல், எங்க தெருவுல சொல்தா (பிரெஞ்சு ஆர்மில இருந்தவங்க) வீடுங்க நிறைய, பிரான்ஸ் தோத்தப்ப ஒருத்தர் வீட்லயும் சத்தமே இல்ல. டிவில மெஸ்ஸி எம்பாப்பே, மெஸ்ஸி எம்பாப்பே, இதேதான். அர்ஜென்டினா டி மரியா லெஃப்ட்ல நின்னு பெனால்டி வாங்கி குடுத்தாரு, 36வது நிமிஷம் ரெண்டாவது கோலும் அவருதான், 64ல அவர வெளிய எடுத்தாங்க, அப்பறம் 80, 81ல எம்பாப்பே ரெண்டு கோல். அந்த மாத்தத்தால ஆட்டம் எப்டி திரும்புச்சுன்னு யாராவது விளக்க வேணாமா?

வண்ணாரப்பாளையம்_குமார்:
எனக்கு இது ஒத்துக்கல ப்ரோ. எங்கம்மா பைனல் மட்டும்தான் பாப்பாங்க, ஆள் கத சொன்னாதான் அவங்களுக்கு புடிக்கும். ஸ்லோ பால் கட்டர்னு ஆரம்பிச்சா எழுந்து போயிடுவாங்க.

திருப்பாதிரிப்புலியூர்_சார்:
தம்பி, ரேடியோல அப்துல் ஜப்பார் தமிழ்ல கிரிக்கெட் கமெண்ட்ரி சொல்லி கேட்டவன் நானு. அப்ப எங்க வீட்ல கிரிக்கெட் தெரியாதவங்களும் உக்காந்து கேப்பாங்க, பந்து எந்த பக்கம் போச்சு, யாரு ஓடறான்னு கண்ணு முன்னாடி நிக்கும். டிவில படம் இருக்கேன்னு இவங்க ஆட்டத்தயே சொல்றதில்ல.

மஞ்சக்குப்பம்_11:
குமார் ப்ரோ, கத வேணாம்னு சொல்லல. மோகித் அந்த நாலு பந்து போட்டுட்டு கடைசி ரெண்டுல தோத்தாரே, அதையும் அம்மாவுக்கு சொல்லுங்க, கண்டிப்பா கேப்பாங்க. சார், அந்த பழைய ரேடியோ கமெண்ட்ரி ரெக்கார்டிங் எங்கயாவது கிடைக்குமா?