சபாஷ் யார் சொல்லணும், எப்போ சொல்லணும்? உங்க அனுபவம் சொல்லுங்க

செல்லூர்க்காரன்:
சபாஷ் பாரசீகத்துல இருந்து வந்த சொல். ‘ஷாத் பாஷ்’, அதாவது ‘மகிழ்ச்சியா இரு’ங்கிற வாழ்த்துதான் தேய்ஞ்சு இப்படி ஆச்சு. வாழ்த்துன்னா பெரியவங்க சின்னவங்களுக்குச் சொல்றது. நம்ம பக்கம் சபாஷும் அப்படித்தான். ஆசான் சீடனுக்குச் சொல்லுவார். சீடன் ஆசானுக்குச் சொன்னா துடுக்குத்தனம்.

இதை நான் கண்கூடாப் பார்த்தது நாடகக் கொட்டகையில. எங்க அம்மா ஊர், மேலூர்ப் பக்கம், பங்குனிப் பொங்கலுக்கு விடிய விடிய வள்ளி திருமணம் போடுவாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதினது. இந்த மாதிரி நாடகத்தை ‘ஸ்பெஷல் நாடகம்’பாங்க, ஒத்திகையே கிடையாது. வள்ளி ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், ஆர்மோனியம் வேற ஊர்; தனித்தனியாப் பேசிக் கூட்டிட்டு வருவாங்க. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா தர்க்கம் எந்தப் பக்கம் போகும்னு அன்னைக்கு மேடையிலதான் தெரியும்.

அந்த வருசம் வள்ளியா வந்தது சின்னப் பொண்ணு. நாரதர் பழம் தின்னு கொட்டை போட்டவர், கேள்விக்கு மேல கேள்வி. பொண்ணு அசரலை. விருத்தத்துலயே பதிலைக் கட்டி, கடைசி அடியை இழுத்து நிறுத்துச்சு. ஆர்மோனியக்காரர் கட்டையில இருந்து விரலை எடுக்கலை, தலையை மட்டும் தூக்கி, ‘சபாஷ்’னார். சத்தமாக்கூட இல்லை. மிருதங்கம் உடனே ஒரு தீர்மானம், அதாவது தாள முத்தாய்ப்பு, வச்சுச்சு. அதுவரைக்கும் விறைப்பா நின்ன பொண்ணோட தோள் தளர்ந்தது முன்வரிசையில இருந்த எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. அடுத்த பாட்டை எடுத்த எடுப்புலயே உச்சத்துல பிடிச்சுச்சு. கூட்டம் கைதட்டினதும், ரூபாய் நோட்டைக் குத்தினதும் அதுக்கப்புறம்தான். முன்னப்பின்னத் தெரியாத ஆளுங்க நடுவுல தனியா நிக்கிற பிள்ளைக்கு, தொழில் தெரிஞ்ச ஒருத்தர் வாயில இருந்து வர்ற அந்தச் சொல் எவ்வளவு பெரிய தைரியம்!

பாலமேடு மாட்டுக்காரன்:
உண்மை அண்ணே. வாடிவாசல் மைக்குல இப்பல்லாம் ‘சூப்பர் மாடு, சூப்பர் மாடு’தான். பிடிபடாம வந்த எங்க காளையை, கயிறு போட்டுக் கட்டினதும் சித்தப்பா திமிலைத் தடவிக்கிட்டு ‘சபாஷ்டா தம்பி’ன்னார். பரிசா வந்த அண்டாவை அன்னைக்கு வீட்டுல யாரும் திரும்பிப் பார்க்கலை.

திருமங்கலம் மருமகள்:
வீட்டுல இதே சொல் வேற மாதிரியும் வரும். பால் பொங்கி அடுப்பு நனைஞ்சா எங்க அத்தை ‘சபாஆஷ்!’னு இழுப்பாங்க. அந்த இழுவையிலேயே திட்டு முழுசும் இருக்கும். சுருக்குனு வெட்டிச் சொன்னாத்தான் பாராட்டு. ‘பேஷ்’ அப்படி இல்லை, அது சம்மதத்துக்கும் ஆகும். அம்மா வீட்டுக்குப் போகட்டுமான்னு கேட்டா மாமா ‘பேஷாப் போயிட்டு வாம்மா’ம்பார். ஒரு சந்தேகம் அண்ணே: மாமா வைக்கிற மீன்குழம்பு அவ்வளவு ருசியா இருக்கும். அவர்கிட்ட நான் என்ன சொல்றது?

செல்லூர்க்காரன்:
‘பிரமாதம் மாமா’ன்னு சொல்லும்மா, தாராளமாச் சொல்லலாம். கூடவே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்க.