பொருள்: 'சிஸ்டம்ஸ் என்ஜினியரிங்' – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ஓசூரிலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இன்றைய பொருள் உருவாக்கத்தில் சிஸ்டம்ஸ் என்ஜினியரிங்கின் பங்கு பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நாற்பது பக்கமும் முடிந்துவிட்டது, தலைப்பில் மட்டும் ஓட்டை. 'அமைப்புப் பொறியியல்' என்று வைத்து வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "சார், அது சிவில்காரங்களோடது இல்லையா? தூண், உத்தரம்லாம்?" என்றான் பின்வரிசைப் பையன். அவன் கேட்டதில் தப்பில்லை.

மின் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஒரு குழு, மோட்டார் ஒரு குழு, மென்பொருள் இன்னொரு குழு. வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதி, குழுவாரியாகப் பிரித்துக் கொடுத்து, எது எதை எங்கே தொடும் என்று வரையறுத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிப்பது வரை உள்ள வேலை இது. 1940களில் அமெரிக்கத் தொலைபேசித் துறையின் பெல் ஆய்வகங்களில் புழங்கத் தொடங்கிய பெயர். உதவுங்கள்.

கோவையிலிருந்து

'முறைமைப் பொறியியல்'. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "ஆருயிர் முறைவழிப் படூஉம்" என்ற புறநானூற்று அடி இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். முறை என்றாலே ஒழுங்கு. 'முறைமைகள்' என்று பன்மை போட வேண்டாம். "கள்ளொடு சிவணும்" என்று தொல்காப்பியர் சொன்னது உண்மைதான், ஆனால் இரண்டு சொல் சேர்ந்த தொகைச்சொல்லில் எதற்கு அது? மாங்காய் ஊறுகாயை யாரும் மாங்காய்கள் ஊறுகாய் என்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். எங்கள் பக்கத்தில் சமிபாட்டுத் தொகுதி, நரம்புத் தொகுதி, ஞாயிற்றுத் தொகுதி என்றுதான் பள்ளியில் படித்தோம். பல உறுப்பு சேர்ந்து ஒன்றாக இயங்குவது தொகுதி. முறை என்றால் செய்யும் விதம், அது வேறு. 'தொகுதிப் பொறியியல்' பொருந்தும் என்பது என் கருத்து. கணினிப் பாடநூல்களில் மட்டும் எங்களிடமும் 'தகவல் முறைமை', 'பணிசெயல் முறைமை' என்று வந்துவிட்டது. மறைக்கவில்லை.

மதுரையிலிருந்து

தொகுதிப் பொறியியலா! இங்கே அது எம்.எல்.ஏ. வேலை என்று ஆகிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூலில் செரிமானத்துக்கு மண்டலம், சூரியனுக்குக் குடும்பம், மெட்ரிக்குக்கு முறை. 'சிஸ்டம்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று வீடு.

வேரிலிருந்து வருவோம். கிரேக்கத்தில் அதன் பொருள் 'சேர்ந்து நிற்பது'. நமக்கு 'உடனிலை' இருக்கிறதே! மெய்ம்மயக்கத்தை, அதாவது எந்த மெய்யெழுத்தை அடுத்து எது வரலாம் என்ற விதியை, நினைத்துப் பாருங்கள். க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும். ர், ழ் இரண்டும் தம்மோடு மயங்கவே மயங்கா. ககரத்திலும் குற்றமில்லை, தகரத்திலும் குற்றமில்லை, இரண்டும் 'சக்தி'யில் ஒட்டும்போதுதான் தகராறு, அதனால் 'சத்தி' ஆக்கினார்கள். உறுப்பு சரி, சேர்க்கை தவறு. இந்தத் துறை முழுக்க அதுதானே? உடனிலைப் பொறியியல்!

பிடிக்கவில்லையென்றால் 'பல்லியப் பொறியியல்'. பல இசைக்கருவி சேர்ந்தது பல்லியம். மலைபடுகடாத்தில் கூத்தர்கள் கருவிகளைப் பையில் போட்டுக் காவடியின் இரு பக்கமும் எடை சமமாகத் தூக்கிப் போகிறார்கள். அந்தப் பைக்குக் கலப்பை என்று பெயர். கலம் + பை. உழும் கலப்பைக்கும் இதற்கும்

ஓசூரிலிருந்து

ஐயா, மடல் பாதியில் நின்றுவிட்டது. மீதியை அனுப்ப வேண்டாம். 'பல்லிய' என்றதும் பசங்க சுவரைப் பார்ப்பார்கள்.

சென்னைக்குப் பக்கத்திலிருந்து

நான் இந்த வேலையைத்தான் பதினோரு வருடமாகச் செய்கிறேன். ஆலையில் 'சிஸ்டம்ஸ் ஆளு' என்பார்கள், அல்லது 'எல்லார் மெயிலிலும் சிசி இருக்கிறவர்'.

முன்பு இருந்த ஓரிடத்தில் முதல் மாதிரி வண்டி தயாரானது. ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் டிஸ்பிளே அணைந்தது, நேராக்கினால் எரிந்தது. ஹார்னஸ், அதாவது ஒயர்க்கட்டு, இரண்டு விரல்கடை குட்டை. ஹார்னஸ் வரைபடம் சரி, ஹேண்டில் வரைபடமும் சரி. திருப்பிய நிலையில் ஒயர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று எந்தத் தாளிலும் இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி யாருடைய துறையிலும் இல்லை.

பெரிய ஆட்களுக்கும் இதேதான். ஏர்பஸ் ஏ380-இல் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆலையில் கேட்டியா வரைமென்பொருளின் 4-ஆம் பதிப்பு, பிரான்ஸின் துலூஸில் 5-ஆம் பதிப்பு. ஹாம்பர்க்கில் ஒயர் பூட்டிய உடற்பகுதிகள் துலூஸுக்கு வந்தபோது ஒயர் எட்டவில்லை. 2006-இல் வெளியே தெரிந்தது, முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது. 1999-இல் செவ்வாய்க்குப் போன நாசா கலம் தொலைந்ததும் ஒரு பக்கம் பவுண்டு-நொடி, மறுபக்கம் நியூட்டன்-நொடி என்று இரண்டு அலகில் கணக்குப் போட்டதால்.

ஆகவே 'ஒருங்கிணைப்பு' என்ற கருத்து பெயரில் வரட்டும். 'ஒருங்கமைப்புப் பொறியியல்'. இல்லாவிட்டால் 'சிஸ்டம்ஸ் பொறியியல்' என்றே விடுங்கள். பஸ்ஸை பஸ் என்றுதானே சொல்கிறோம்?

கோவையிலிருந்து

பஸ்ஸுக்குப் பேருந்து வந்தது. அரசுப் பேருந்தில் எழுதியும் இருக்கிறது. 'சிஸ்டம்ஸ் பொறியியல்' சட்டைக்கு வேட்டி ஒட்டுப்போட்ட மாதிரி. அதோடு, சேர்ப்பது இந்த வேலையின் கடைசிப் பாதி. முதல் பாதி பிரிப்பது. அதைப் பெயரில் எங்கே வைப்பீர்கள்?

சென்னைக்குப் பக்கத்திலிருந்து

அது நியாயமான கேள்வி. பதில் இல்லை. ஆனாலும் டிரைவர் பஸ் என்றுதான் சொல்கிறார்.

மதுரையிலிருந்து

பிரித்தல், சேர்த்தல் இரண்டுக்கும் 'புணர்ச்சி'யில் இடமுண்டு…

ஓசூரிலிருந்து

ஐயா, பதினெட்டு வயதுப் பையன்கள் வகுப்பு. வேண்டாம்.

எண்ணிப் பார்த்தேன். முறைமைக்கு நான்கு பேர் (இரண்டு பேர் தனிமடலில், ஒருவர் "எதையாவது போடுங்க"), ஒருங்கமைப்புக்கு இருவர், தொகுதிக்கு ஒருவர், உடனிலைக்கு மதுரை ஐயா. 'முறைமைப் பொறியியல்' என்று போட்டு, அடியில் 'சிஸ்டம்ஸ் என்ஜினியரிங்' என்று தமிழெழுத்தில் கொடுத்துவிடுகிறேன். நன்றி, எல்லாருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

சரி, அச்சுக்குக் கொடுங்கள், உடன்பாடில்லை என்றாலும். ஒரு சந்தேகம் மட்டும். நேற்று அனுப்பிய வரைவில் 14-ஆம் பக்கத்தில் எடுத்துக்காட்டாகச் 'சூரியக் குடும்பம்' என்று இருக்கிறது. 'குடும்பமும் ஒரு முறைமையே' என்று அடுத்த வரி. இதை ஒரு பிள்ளை வாசித்தால் என்ன விளங்கும்?

ஓசூரிலிருந்து

அந்த வரியை எடுத்துவிட்டேன்.