தும்மினாலே சிறுநீர் கசிகிறது, சரியாகுமா?

கேள்வி:
குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது, சுகப்பிரசவம்தான். தும்மினாலோ வாய்விட்டுச் சிரித்தாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. நேற்று தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கும்போதே உடை நனைந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. தானாகச் சரியாகுமா?

பதில் 1:
எனக்கும் இருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு நாலு மாதம் சும்மா இருந்ததுதான் நான் செய்த தப்பு. பத்து மாதம் சுமந்து, பிரசவத்தில் இழுபட்டு, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்துபோயிருக்கும். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளே இழுத்துப் பிடியுங்கள், மூச்சை மட்டும் அடக்காதீர்கள், வயிறும் தொடையும் தளர்வாகவே இருக்கட்டும். சில விநாடி பிடித்து முழுசாக விட்டு, எட்டுப் பத்து தடவை, ஒரு நாளைக்கு 3 வேளை. நான் பால் கொடுக்கும்போதே செய்துவிடுவேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். பலன் தெரிய 3 மாதம்கூட ஆகலாம்.

பதில் 2:
சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாது. கசிகிறதே என்று தண்ணீரையும் குறைக்க வேண்டாம். மலச்சிக்கல் வந்து முக்கினால் அதே தசைக்குத்தான் சுமை. அப்புறம், தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே இறுக்கிக்கொள்ளுங்கள்.

பதில் 3:
6 வாரப் பரிசோதனையில் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னிடம் தையலையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்ததோடு சரி, இதைக் கேட்கவே இல்லை. எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால், அல்லது சிறுநீர் வருகிற உணர்வே இல்லாவிட்டால், அதுவரை காத்திருக்காமல் உடனே போங்கள்.