மூன்றாவது முறையும் லயன்ஸா? 2026 சீசனுக்கு முன் ஒரு விவாதம்

காபாக்காரன்:
2024ல் ஆஸ்திரேலிய ஃபுட்டியின் கோப்பை ஆட்டமான கிராண்ட் ஃபைனலில், மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில், பிரிஸ்பேன் லயன்ஸ் நாங்கள் சிட்னியை 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். 2025 செப்டம்பர் 27 அன்று அதே எம்சிஜியில் கிலோங்கை 122–75 என்று சாய்த்தோம். 2023லும் கிராண்ட் ஃபைனலில் இருந்தோம். கொலிங்வுட்டிடம் வெறும் 4 புள்ளியில் கோப்பை கைநழுவியது. ஆக மூன்று வருஷமாக ஆஸ்திரேலிய ஃபுட்டியின் கடைசி நாளில் பிரிஸ்பேன் லயன்ஸ் இல்லாமல் இருந்ததில்லை.

2026லும் நாங்கள்தான் என்று சொல்கிறேன். கிராண்ட் ஃபைனலின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை இரண்டு வருஷமும் வாங்கிய வில் ஆஷ்கிராஃப்டுக்கு வயது 21தான். இப்படி ஒரு அணி எதற்காகச் சரிய வேண்டும்? மாற்றுக் கருத்து இருப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ரிச்மண்ட் தெரு:
காரணத்தோடு சொல்கிறேன், நண்பரே. 2020 அக்டோபரில் நானும் இதே மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். 2017, 2019, 2020 என்று நான்கு வருஷத்தில் எங்கள் ரிச்மண்டுக்கு மூன்று கோப்பை. 2019ல் ஜயண்ட்ஸை 89 புள்ளியில் அடித்தோம். டஸ்டின் மார்ட்டின் மூன்று நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். இந்த அணி இன்னும் ஐந்து வருஷம் ஆளும் என்று வீட்டில் சத்தியம் செய்யாத குறை. அடுத்த வருஷமே, 2021ல், பட்டியலில் மேலே வரும் அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதும் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2024ல் பதினெட்டு அணிகளில் கடைசி இடம்.

ரிச்மண்டின் கதை மட்டும் இல்லை இது. 2017 முதல் 2025 வரை ஒன்பது நடப்பு சாம்பியன்களை எடுத்துப் பாருங்கள். மேற்கு புல்டாக்ஸ் 2017ல், நாங்கள் 2021ல், கிலோங் 2023ல், கொலிங்வுட் 2024ல், இந்த நான்கு பேரும் அந்தந்த வருஷம் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. கோப்பையைத் தக்கவைத்தவர்கள் இரண்டே பேர்: 2020ல் ரிச்மண்ட், 2025ல் உங்கள் லயன்ஸ். மற்ற மூன்று பேர் இறுதிச் சுற்றில் பாதி வழியில் விழுந்தார்கள்.

போட்டியின் அமைப்பே அப்படித்தான். எல்லா அணிக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. ஜெயித்த அணியின் வீரர்களுக்கு வெளியே மவுசு ஏறும், அத்தனை பேரையும் வைத்துக்கொள்ளப் பணம் பத்தாது. இளம் வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் கடைசி இடம் வந்தவனுக்கு முதல் தேர்வு, சாம்பியனுக்குக் கடைசித் தேர்வு. மேலே போனவனைக் கீழே இழுக்கவும் கீழே கிடப்பவனைத் தூக்கிவிடவும்தான் இந்த விதிகளைப் போட்டார்கள். லயன்ஸுக்கு மட்டும் அவை விலக்கு அளிக்குமா?

காபாக்காரன்:
ரிச்மண்ட் நண்பரே, உங்கள் எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உங்கள் அணியின் மையத் தூண்கள் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். சேர்ந்து வளர்ந்தார்கள், சேர்ந்து ஜெயித்தார்கள், சேர்ந்தே தளர்ந்தார்கள். எங்கள் அணியில் வயது அடுக்கடுக்காக இருக்கிறது. டேய்ன் ஸோர்க்கோவுக்கு 36, லாக்கி நீலுக்கு 32, ஹாரிஸ் ஆண்ட்ரூஸுக்கு 29, மெக்லக்கேஜுக்கு 27. அதற்குக் கீழே ஆஷ்கிராஃப்ட் சகோதரர்கள், ஜாஸ்பா ஃபிளெட்சர், லோகன் மோரிஸ். ஒரு படி உடைந்தால் அடுத்த படியில் கால் வைக்க ஆள் தயார்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மெல்பர்னில் இருப்பவர்களுக்கு இது மறந்திருக்கும், எங்களுக்கு மறக்காது. 2013 சீசன் முடிந்ததும் ஐந்து இளம் வீரர்கள் ஒரே நேரத்தில் கிளப்பை விட்டுப் போனார்கள். சாம் டோச்சர்ட்டி, ஜாரெட் போலெக், எலியட் யோ, கார்னெஸிஸ், லாங்கர். பெரும்பாலும் ஊர்ப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதே காரணம். அவர்களில் எலியட் யோ 2018ல் வெஸ்ட் கோஸ்டோடு கோப்பையே வாங்கினார். எங்கள் குவீன்ஸ்லாந்து மாநிலம் ரக்பி லீக் மண். பதினெட்டு வயதுப் பையனை விக்டோரியாவிலிருந்தோ பெர்த்திலிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தால் இரண்டு வருஷத்தில் அம்மா ஞாபகம் வந்துவிடும், அப்புறம் போய்விடுவான். நாங்கள் வளர்த்துக் கொடுப்போம், அவர்கள் அறுவடை செய்வார்கள். 2017ல் நாங்கள் கடைசி இடம்.

அந்த வருஷம்தான் கிறிஸ் ஃபேகன் பயிற்சியாளராக வந்தார். இந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாத மனிதர், டாஸ்மேனியாக்காரர். மறு வருஷம் ஹாத்தோர்னில் மூன்று கோப்பை தொடர்ந்து வாங்கிய கேப்டன் லூக் ஹாட்ஜைப் பையன்களுக்கு வழிகாட்டக் கூட்டிவந்தார்கள். அடிலெய்டிலிருந்து சார்லி கேமரன், ஃபிரிமாண்டிலிலிருந்து லாக்கி நீல், எஸ்ஸண்டனிலிருந்து ஜோ டானிஹர், புல்டாக்ஸிலிருந்து ஜோஷ் டங்க்லி என்று வரிசையாக வந்தார்கள். ஒரு காலத்தில் ஓடிப்போக நினைத்த ஊருக்கு ஆட்கள் விரும்பி வந்தார்கள்! 2022ல் ஸ்பிரிங்ஃபீல்டில் சொந்தப் பயிற்சி மைதானமும் கிடைத்தது. 2019லிருந்து ஒரு வருஷம்கூட இறுதிச் சுற்றைத் தவறவிடவில்லை. உங்கள் ஒன்பது சாம்பியன்களில் இப்படி ஆறு வருஷம் கதவைத் தட்டித் தட்டி உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர்?

கிலோங் பூனை:
கதவைத் தட்டுவது பற்றி எங்களிடம் கேளுங்கள். 2007லிருந்து இன்றுவரை இறுதிச் சுற்றை நாங்கள் தவறவிட்டது 2015, 2023 என்று இரண்டே முறை. கோப்பை நான்கு: 2007, 2009, 2011, 2022. கிறிஸ் ஸ்காட் 2011லிருந்து அதே நாற்காலியில் இருக்கிறார். கடைசி இடத்துக்குப் போய், நல்ல டிராஃப்ட் தேர்வுகளைச் சேர்த்து, மறுபடி எழுவதுதான் வழி என்று எல்லோரும் பாடம் எடுத்தார்கள். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. டேஞ்சர்ஃபீல்ட், ஜெரமி கேமரன், பெய்லி ஸ்மித் என்று முழு வீரர்களை வெளியிலிருந்து கொண்டுவந்தோம்.

அதனால் முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெற்றியைத் தக்கவைப்பது என்றால் என்ன? வருஷா வருஷம் கோப்பை என்றால் யாராலும் முடியாது. வருஷா வருஷம் கோப்பைக்கு அருகில் இருப்பது என்றால் முடியும், நாங்களே சாட்சி. லயன்ஸ் இரண்டாவது வகைக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒத்துக்கொள்கிறேன். ஹாட்ரிக் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 2025 இறுதி ஆட்டத்தில் இரண்டாம் கால்பகுதியில் ஜெரமி கேமரனுக்குக் கை முறிந்தது. அது நடக்காமல் இருந்தால் நீங்கள் ஜெயித்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லவில்லை. 47 புள்ளி 47 புள்ளிதான். ஒரு எலும்பு போதும் என்பதற்காகச் சொல்கிறேன். அடுத்த செப்டம்பரில் அது யாருடைய எலும்பு என்று யாருக்குத் தெரியும்?

ரிச்மண்ட் தெரு:
பூனையார் சொன்ன வகைப்பாடு சரி. ஆனால் அந்த இரண்டாவது வகைகூட லயன்ஸுக்கு நிச்சயம் இல்லை என்பதுதான் என் வாதம்.

காபாக்காரன் அடுக்கடுக்காக வயது என்றார். அந்த அடுக்கின் அடித்தளம் எப்படி வந்தது? வில், லெவி ஆஷ்கிராஃப்ட் இருவரும் 2001–03ல் மூன்று கோப்பை வாங்கிய பிரிஸ்பேன் அணியில் ஆடிய மார்கஸ் ஆஷ்கிராஃப்டின் பிள்ளைகள். ஜாஸ்பா ஃபிளெட்சரின் அப்பாவும் பிரிஸ்பேன் வீரர். ஒரு கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியவரின் மகனை அந்தக் கிளப்பே எடுத்துக்கொள்ளலாம் என்ற அப்பா–மகன் விதியால் வந்தவர்கள். வில் 2022ல் இரண்டாவது தேர்வு, லெவி 2024ல் ஐந்தாவது. சாம்பியன் அணிக்கு ஐந்தாவது தேர்வில் ஒரு பையன்! சாதாரணமாக அந்த வரிசை வருவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வரலாம். அந்தப் பையன்கள் உழைப்பாளிகள், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் நன்றாக ஆடப் பிறப்பது கிளப்பின் திட்டம் ஆகாது, அதிர்ஷ்டம். அடுத்த மார்கஸ் யார்? அதுவும் அப்பா–மகன் தேர்வுக்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய டிராஃப்ட் புள்ளிகளில் இருந்த தள்ளுபடியை 2025லிருந்து 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

மறுபக்கம் போனவர்களைப் பாருங்கள். 2024 கோப்பையோடு டானிஹர் ஓய்வு பெற்றார், வயது முப்பதுதான். அதே கிராண்ட் ஃபைனலில் நான்கு கோல் அடித்த கேலம் ஆ சீ இப்போது அடிலெய்டில். ஸ்டார்செவிச் வெஸ்ட் கோஸ்டுக்குப் போய்விட்டார். கிளப்பைக் கட்டி எழுப்பிய தலைமை நிர்வாகி கிரெக் ஸ்வான் லீக் நிர்வாகத்துக்கே போய்விட்டார். ஃபேகன் கோப்பை வென்ற பயிற்சியாளர்களிலேயே வயதில் மூத்தவர். எங்களுக்கும் இப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது.

விங் பக்கம்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இரண்டு அணியும் ஒன்றுதான். வரலாற்றை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். 1955–57ல் மெல்பர்ன் மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தது. அதற்குப் பிறகு ஹாட்ரிக் இரண்டே: 2001–03 பிரிஸ்பேன், 2013–15 ஹாத்தோர்ன். நான்கு தொடர்ச்சியாக வாங்கியது 1927–30 கொலிங்வுட் மட்டும். 2004ல் பிரிஸ்பேன் நான்காவதற்கு வந்து போர்ட் அடிலெய்டிடம் இறுதியில் தோற்றது. அடுத்த வருஷம் இறுதிச் சுற்றிலேயே இல்லை. காபாக்காரன் அதை எழுதாமல் விட்டது ஏன்?

காபாக்காரன்:
விடவில்லை, அது வலிக்கிற இடம். 2004ல் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டத்தைச் சொந்த ஊரில் நடத்தும் உரிமையை நாங்கள் சம்பாதித்திருந்தோம். ஆனால் எம்சிஜியோடு இருந்த ஒப்பந்தத்தால் அதை மெல்பர்னில் ஆட வைத்தார்கள். அங்கே கிலோங்கை வென்று, வீடு திரும்பி, மறு வாரம் மறுபடி விமானம் ஏறிப் போய் ஆடினார்கள். உடம்பு தாங்கவில்லை. அந்தத் தலைமுறை சேர்ந்தே களைத்தது, அதை மறுக்கவில்லை. ரிச்மண்ட் நண்பரின் கதைதான் எங்கள் பழைய கதையும். அதனால்தான் இப்போதைய கிளப் வேறு மாதிரி இயங்குகிறது என்கிறேன்.

அதிர்ஷ்டம் என்றீர்கள். ஆஷ்கிராஃப்ட் சகோதரர்கள் அதிர்ஷ்டம், சரி. லோகன் மோரிஸ்? 2023 டிராஃப்டில் 31வது தேர்வு. முப்பது முறை மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். மறு வருஷமே கிராண்ட் ஃபைனலில் ஆடினான். ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் எங்கள் உள்ளூர் அகாடமிப் பையன், ஹிப்வுட்டும் அப்படியே. 2024 இறுதி ஆட்டத்தில் தோள்பட்டை விலகியதால் மெக்கினர்னி இல்லை. டார்சி ஃபோர்ட் உள்ளே வந்து நின்றார். 2025ல் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் கிலோங்கிடம் தோற்றோம், நீலுக்குக் கெண்டைக்கால் போனது. எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். கோல்ட் கோஸ்டை, கொலிங்வுட்டை, பிறகு அதே கிலோங்கை நீலைத் தொடக்க அணியில் வைக்காமலேயே வென்றோம். அவர் இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராகத்தான் இறங்கினார். பூனையார் சொன்ன அந்த எலும்பு எங்களுக்கும் உடைந்தது, நண்பரே. அணி உடையவில்லை.

ரிச்மண்ட் தெரு:
இது நல்ல பதில். நீல் விஷயம் என்னையும் யோசிக்க வைக்கிறது.

ஆனால் பசி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 2024ல் லயன்ஸ் முதல் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். பட்டியலில் ஐந்தாவதாக வந்து, ஜயண்ட்ஸுக்கு எதிராக 44 புள்ளி பின்தங்கி, மீண்டு ஜெயித்தார்கள். முந்தைய வருஷம் 4 புள்ளியில் தோற்ற நெருப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. இப்போது அந்த நெருப்பு எங்கிருந்து வரும்? 2021ல் எங்கள் ஆட்களை மைதானத்தில் நேரில் பார்த்தேன். ஓடினார்கள். முயன்றார்கள். ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத பந்து தரையில் உருளும்போது, 2017ல் மூன்று பேர் விழுந்த இடத்தில் ஒருவர் குனிந்துகொண்டிருந்தார். அரை நொடி வித்தியாசம். புள்ளிவிவரத்தில் தெரியாது, எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. 23 ஆட்டம், அதன் மேல் இறுதிச் சுற்று, அதுவும் மூன்று வருஷமாகச் செப்டம்பர் கடைசி வரை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விங் பக்கம்:
அந்த அரை நொடிதான் என் கவலையும். 2022ல் மெல்பர்ன் அணியிடமும் அதைப் பார்த்தேன். 57 வருஷம் காத்திருந்து 2021ல் 74 புள்ளியில் ஜெயித்தவர்கள், அடுத்த இரண்டு வருஷமும் இறுதிச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெளியேறினார்கள். திறமை அப்படியே இருந்தது.

காபாக்காரன்:
ஓய்வு பற்றிச் சொன்னது உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பசிக்கு மட்டும் ஒரு பதில் உண்டு. லெவிக்கு ஒரு கோப்பைதான், அண்ணன் வீட்டில் இரண்டு வைத்திருக்கிறான், அப்பாவிடம் மூன்று. வெஸ்ட் கோஸ்டில் தோல்வி மேல் தோல்வி பார்த்த ஆஸ்கர் ஆலன் இப்போது எங்களிடம் வருகிறார். எஸ்ஸண்டனிலிருந்து சாம் டிரேப்பரும். இவர்கள் யாருக்கும் வயிறு நிறையவில்லை.

கிலோங் பூனை:
ஆலன் வருவதுதான் எனக்குப் பயம். டானிஹர் போன பிறகும் ஜெயித்த முன்வரிசையில் இன்னொரு உயரமானவர், பக்கத்தில் மோரிஸ். எங்கள் பின்வரிசை யாரை விட்டு யாரைப் பிடிப்பது? ஆனால் டிரேப்பர் 2025ல் குதிகால் தசைநார் அறுந்தவர். உயரப் பந்துக்குக் குதிக்கிற வேலைக்கு அந்தக் கால் எந்த மாதம் தயாராகும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பேசுவேன். மார்ச்சில் இதே இழைக்கு வருகிறேன், ரிச்மண்ட் நண்பரும் வாருங்கள்.